காதோடு தங்கிய சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆறாந்தரத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: “ஒனக்குப் பிடிச்ச ஒரு சொல்ல எழுது. அர்த்தத்துக்காக இல்ல, சொல்றப்ப வர்ற சத்தத்துக்காக.” பிள்ளைகள் பென்சிலைக் கொஞ்சம் கடித்துவிட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள். பெற்றோரும் சக ஆசிரியர்களும்தான் கேள்வி கேட்பார்கள். பல வருடமாக அதே கேள்விகள். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சத்தத்துக்காக ஒரு சொல் பிடிக்குமா? அர்த்தத்துக்காகத்தானே பிடிக்கும்?

பிள்ளைகளும் முதலில் ‘அம்மா’ என்றுதான் எழுதுவார்கள். “அம்மாவப் பிடிக்கும்னு தெரியும், அந்தச் சொல்லப் பிடிக்குமா?” என்று கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாம் முறை வேறொன்று வரும். ஒரு பையன் ‘அலவாங்கு’ என்று எழுதினான். ஏன்டா என்றேன். “சொல்லிப் பாருங்க சேர், வாய்க்குள்ள கல்லு பொரளுது.”

சொல்லிப் பார்த்தேன். ‘அல’வில் நாக்கு மேலே போகிறது, ‘வா’வில் வாய் திறக்கிறது, ‘ங்கு’ வரும்போது தொண்டைப் பக்கம் எதையோ நெம்பி இறக்கியது போல இருக்கிறது. போர்த்துக்கேய மொழியில் நெம்புகோலுக்கு உள்ள பெயர்தான் இப்படி நம்மிடம் தங்கிவிட்டது. அந்தக் கதை அவனுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா கான், அதாவது வடிகால், வெட்டுகிறவர், அலவாங்கு வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தின் உரியியலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று ஒரு சூத்திரம் உண்டு. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்தவுடன் தெரியாது என்பது கருத்து. காரணமே கிடையாது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் பிள்ளைகளோடு விளையாடுகிறேன்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1929இல் வொல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், கூர்கூராக ஒரு வடிவம், உருண்டு நெளிந்து ஒரு வடிவம் வரைந்து, ‘டக்கெட்டே’ எது, ‘பலூபா’ எது என்று கேட்டார். 2001இல் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபர்டும் ‘கிக்கி’, ‘பூபா’ என்று பெயரை மாற்றி, அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டதாக எழுதினார்கள். 95 சதவீதத்துக்கும் மேலானோர் கூரானதைக் கிக்கி என்றும் உருண்டதைப் பூபா என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கரும்பலகையிலும் வரைந்தேன். இரண்டு பேர் மட்டும் மாற்றிச் சொன்னார்கள். ஒரு பிள்ளை எழுந்து, “கிக்கின்னா கவ்வாத்து வெட்டுன மிலாறு சேர். கால்ல குத்தும்” என்றாள். தேயிலைச் செடியை வெட்டிக் கழித்த பிறகு கிடக்கும் குச்சிகளைச் சொன்னாள்.

எல்லாச் சொல்லுக்கும் இது செல்லாது. ‘மலை’ என்ற சொல்லில் உயரம் எங்கே இருக்கிறது? மெத்தை போலப் படுத்துக் கிடக்கிறது.

உங்களுக்குப் பிடித்த சொல் எது?

கொழுந்து. இதைக் கேட்கிறவர்கள் ஏதாவது சங்கச் சொல் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘கொ’வில் உதடு குவிகிறது. ‘ழு’வில் நாக்கு மடிந்து அண்ணத்தைத் தடவுகிறது. ‘ந்து’வில் நுனி பல்லைத் தொட்டுச் சட்டென்று விடுபடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுக்கிற கையைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் செய்வதும் அதைத்தான். குவியும், தடவும், இளந்தண்டை முறித்துக்கொண்டு விலகும். அம்மா மலையில் எடுத்ததை நான் வாயில் எடுக்கிறேன் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

எழுத்துகள் பிறக்கும் விதம் சொல்லும்போது தொல்காப்பியர் ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை ‘வருட’ வேண்டும் என்கிறார். முட்டவும் இல்லை, அமுக்கவும் இல்லை, வருடுகிறது. இலக்கணப் புத்தகத்தில் இப்படியொரு வினையை எதிர்பார்க்காமல் சந்தித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘மழ’, ‘குழ’ இரண்டும் இளமையைக் குறிக்கும் என்றும் அவர் சொல்கிறார். குழந்தை, குழவி, மழலை, கொழுந்து. எல்லாம் ஒரே வேரா என்பதை மொழியியல் படித்தவர்கள் தீர்க்கட்டும். காது அவற்றை ஒரே வாங்கில் உட்கார வைத்துவிட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. நம் ஆட்கள் 1820களிலிருந்து இந்த மலைக்கு வந்தது கோப்பிக்காக. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டம் தோட்டமாகத் தேயிலைக்கு மாறியது. பழம் பறித்த கை கொழுந்து எடுக்கப் பழகியது. செடி புதிது, சொல் பழையது. வாழைக்கும் வெற்றிலைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததைத் தூக்கி இந்தப் புதுச் செடியின் தலையில் வைத்துவிட்டார்கள். பழத்தில் இருந்த ழ கொழுந்திலும் தொடர்ந்தது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

கொழுந்து மலையில் கொழுந்தியாளைக் கேலி பண்ணாத முறைக்காரர் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலேடைக்கு எங்கள் தோட்டத்தில் யாரும் உரிமை கொண்டாடுவதில்லை.

ஆனால் தோட்டத்தில் ‘கொளுந்து’ என்றுதானே சொல்கிறார்கள்?

ஆமாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னை மடக்கிவிட்டதாக நினைத்துச் சிரித்தார். எங்கள் அம்மாயி வாழ்நாள் முழுக்கக் ‘கொளுந்து’தான் எடுத்தார். ‘மள’தான் பெய்தது அவருக்கு. ழகரம் வாய்க்கு வரவில்லை என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

இங்கே தொல்காப்பியரே அம்மாயிக்கு உதவிக்கு வருகிறார். லகரத்துக்கு நாக்கு அண்ணத்தை ஒற்ற வேண்டும், ளகரத்துக்கு வருட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆக, வருடல் போகவில்லை. பரீட்சைத் தாளில் ‘கொளுந்து’ என்று கண்டால் சிவப்புப் பேனாவால் திருத்துகிறேன், அது என் வேலை. மலையில் நின்று திருத்த மாட்டேன்.

பிரட்டு, கோச்சி, காம்பரா எல்லாம் வெளிநாட்டுச் சொற்களின் சிதைவுதானே? அவற்றில் என்ன அழகு?

‘சிதைவு’ என்கிற சொல்லே எனக்கு ஒத்துவராது. ஒரு சொல் பிற மொழியிலிருந்து வந்து நம் வாயில் கொஞ்ச காலம் ஊறினால், அதன் முனைகள் மழுங்கி நமக்குத் தோதான உருவம் எடுக்கும். ஆற்றுக் கல்லை யாராவது சிதைந்த பாறை என்பார்களா?

பிரட்டு, பேச்சில் ‘பெரட்டு’, பரேட் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அந்த இடம் பெரட்டுக்களம். பரேட் என்றால் பூட்ஸ் சத்தமும் கொடியும் நினைவுக்கு வரும். பெரட்டில் அதெல்லாம் உதிர்ந்துபோயிற்று. நம் காதில் அது ‘புரட்டு’க்குப் பக்கத்து வீடு. குளிரில் போர்வைக்குள் கிடந்தவரைத் தப்பு மேளச் சத்தம் புரட்டி வெளியே தள்ளிய காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சத்தம் எது? ‘அணிவகுப்புத் திடல்’ என்று யாரோ ஒரு கட்டுரையில் மாற்றி எழுதியிருந்ததைப் பார்த்தேன். திடல் மட்டும் இருந்தது, ஆட்களைக் காணவில்லை.

அடுத்தது ‘கோச்சி’, என்னுடைய இரண்டாம் செல்லம். கோச் என்பதிலிருந்து வந்து இங்கே முழு ரயிலுக்கும் பெயராகிவிட்டது. பதுளை வரைக்கும் பாதை போட்டு முடிந்தது 1924இல். அதற்குள் சொல்லும் மலையேறிவிட்டிருக்கும். ‘கோ’ என்ற நெடிலில் ஊதல் இருக்கிறது, ‘ச்சி’யில் நீராவி இருக்கிறது. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்து எவ்வளவோ காலம், சொல் மட்டும் இன்னும் புகைவிட்டுக்கொண்டு வருகிறது. நெடிலைக் குறிலாக்கினால் கொச்சி, கொச்சிக்காய், அதாவது மிளகாய். கோச்சியில் விற்கிற வடையோடு கொச்சிக்காயைக் கடித்தவர்களுக்கு மாத்திரை வேறுபாட்டை நான் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

காம்பரா போர்த்துக்கேயம், அறை என்று பொருள். எட்டுக் காம்பரா, பன்னிரண்டு காம்பரா என்று லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, எண்ணுவோம். அதுவே ‘பிள்ளைக்காம்பரா’ ஆகும்போது ஒரு குளிர் நீங்கிவிடும். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கொழுந்து நிறுக்கிற ‘மடுவம்’ சிங்களத்து மடுவ. வாய்க்குள் நல்ல ஆழமான சொல், சொன்னால் எதிரொலி கேட்கும்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. நம் ‘கண்காணி’ கங்காணியாகி, ஆங்கில அகராதியிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

‘லயம்’ என்ற சொல் உங்களுக்குப் பிடிக்குமா?

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை.

சத்தத்தை மட்டும் எடுத்தால் பிடிக்காமல் இருக்க முடியாது. மூன்றே எழுத்து. இடையினம் இரண்டு, முடிவில் ஒரு மெல்லினம், வல்லினம் பெயருக்கும் இல்லை. பாட்டு வாத்தியார் லயம் என்றால் தாளத்தின் ஓட்டம், மனம் ஒன்றிப்போவது. எங்கள் லயம் ஆங்கிலத்து ‘லைன்’. வரிசையாகக் கட்டிய அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு தாழ்வாரம், மேலே தகரம், பக்கத்து வீட்டு இருமல் இந்தப் பக்கம் கேட்கிற சுவர்.

பதுளையில் ஒரு திருமண வீட்டில் கொழும்பிலிருந்து வந்த சங்கீத ஆசிரியை ஒருவர், “உங்களுக்கு லயம் இயற்கையிலேயே இருக்கு” என்று தப்பு அடித்த அண்ணனைப் பாராட்டினார். “ஆமாங்கம்மா, எங்க தாத்தா காலத்துல இருந்தே லயந்தான்” என்றார் அவர். ஆசிரியை தலையாட்டினார். பந்தியில் இருந்த நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனிய சத்தம் ஒரு கசப்பைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் யாரும் இதுவரை லயத்தைப் பிடித்த சொல்லாக எழுதியதில்லை. நானும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஊர்ப்பெயர்களில் எது காதுக்கு இனியது?

பூண்டுலோயா. பொகவந்தலாவை. இரண்டுக்கும் நடுவில் என்னால் தேர்வு செய்ய முடியாது.

மலையக ஊர்ப்பெயர்களில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. சிங்களத்தில் ‘கல’ என்றால் கல், பாறை. அது நம் வாயில் ‘கலை’யாகிவிடும்: கொட்டகலை, பூனாகலை. ‘பதுல்ல’ பதுளையாகும், ‘பண்டாரவெல’ (வெல என்றால் வயல்) பண்டாரவளையாகும், ‘ஹபுதலே’ ஹப்புத்தளையாகும். சட்டென்று நின்றுவிடுகிற ஓசையில் தமிழ் வாய்க்கு நிறைவில்லை, ஓர் ‘ஐ’ போட்டுத் தாழ இறக்கி வைக்கும். வயலாக இருந்தது வளையலாகிறது, பாறையாக இருந்தது கலையாகிறது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததல்ல இது. ‘ஓயா’வை மட்டும் கைவைக்காமல் விட்டுவிட்டோம். நானுஓயா, டிக்கோயா. ஓடை என்ற பொருள் தெரியாதவர்களுக்கும் ‘ஓயாது ஓடுவது’ என்று கேட்கும்.

தோட்டத்துப் பெயர்களோ வேறு கதை. டன்சினேன், ஹோலிரூட், பெல்மோரல், எடின்பரோ. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர் நினைப்பில் வைத்தவை. டன்சினேன் அங்கே ஒரு குன்று. எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது அதில் ஸ்காட்லாந்து கடுகளவும் இல்லை, ‘சினேன்’ என்று மூக்கால் இழுத்து ஒரு செல்லப்பெயராக்கி வைத்திருக்கிறார்கள்.

மழைக்கும் குளிருக்கும் எத்தனை சொல் இருக்கிறது?

எண்ணியதில்லை. ஆனால் இங்கே அதிகம் புழங்குவது இரட்டைக்கிளவி. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். ‘சலசல’வில் ஒரு ‘சல’வைக் கழற்றி எடுத்து எதுவும் செய்ய முடியாது. ஜோடியாகத்தான் உயிரோடு இருக்கும்.

‘குளுகுளு’ என்று எழுதாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சொல் மேல் கோபம் இல்லை. அது நுவரெலியாவுக்கு ஏப்ரலில் வந்து குதிரை ஏறிவிட்டுப் போகிறவர்களின் சொல். நனைந்த படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலையில் நிற்கிறவருக்கு ‘வெடவெட’தான். அதிலும் ‘வெடவெடன்னு ஒதறுது’ என்று சொல்லும்போது பல் தானாக அடித்துக்கொள்ளும். வல்லினம் எதற்கு இருக்கிறது என்று அப்போது புரியும்.

மழையில் ‘நசநச’ இருக்கிறது, மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொள்வது. கேட்டாலே துணி காயாத வாடை வரும். ‘சோ’ என்று கொட்டுவது வேறு. ஒரு பிள்ளை வீட்டுக்குள் ஒழுகுகிற மழையை எழுதியிருந்தாள்: அலுமினியச் சட்டியில் ‘டிங்கு டிங்கு’, பிளாஸ்டிக் வாளியில் ‘டொப்பு டொப்பு’. “ரெண்டும் சேந்தா நல்லா இருக்கும் சேர், ராத்திரில கேட்டுக்கிட்டே தூங்கிருவேன்” என்றாள். அதற்கு நான் எத்தனை புள்ளி போட்டேன் என்பது இப்போது மறந்துவிட்டது.

சத்தம் நல்லா இல்லாத சொல்லும் பிடிக்குமா?

அட்டை. உயிரும் ஒட்டுகிற டகரமும். சொன்னவுடனே காலை உதறத் தோன்றும். கச்சிதமான சொல்.

பிடிக்காத சொல்?

‘தோட்டக்காட்டான்.’ சத்தத்தில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. தோட்டம் நல்ல சொல், காடு அதைவிட நல்ல சொல். இரண்டையும் சேர்த்து ஓர் ‘ஆன்’ போட்டு, நகரத்து பஸ்ஸில், கடையில், சில வேளை வகுப்பறையிலும் எங்கள் மேல் எறிந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், உயர்தரமான பாடசாலை என்று பெயர் எடுத்த ஓரிடத்துக்கு விவாதப் போட்டிக்குப் போனபோது பின்வரிசையிலிருந்து கேட்டேன். மேடையில் ஏறிப் பேச வேண்டியதில் பாதி மறந்துபோயிற்று. இன்றுவரை அந்த டகரங்கள் இரண்டும் எனக்குக் கதவில் தட்டுகிற சத்தமாகத்தான் கேட்கின்றன. நல்ல ஓசைதான் இன்பம் என்கிறவர்களிடம் இந்தச் சொல்லைக் கொடுத்துவிடுவேன், வைத்துக்கொள்ளட்டும்.

பாடப்புத்தகச் சொற்களில் பிள்ளைகள் ரசிப்பது எது?

பதினெண்கீழ்க்கணக்கு. காரணம் இலக்கியம் இல்லை. தோட்டத்தில் ஒரு பிரிவுக்குக் ‘கணக்கு’ என்று பெயர். மேல்கணக்கு, பணியகணக்கு என்று சொல்வோம், பணிய என்றால் கீழே. ‘பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள்’ என்று பலகையில் எழுதியதும் ஒருவன் கை தூக்கினான். “பதினெட்டுக் கீழ்க்கணக்கா சேர்? எவ்வளவு பெரிய தோட்டம்!” நாலடியார் அன்றைக்கு நடக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகளோடு இதை எப்படிச் செய்வது?

கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு சொல்லை ஐந்து தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு எங்கே போனது, உதடு என்ன செய்தது என்று கேளுங்கள். ‘தேத்தண்ணி’ தொடங்குவதற்கு நல்லது, நாக்கு இரண்டு இடத்தில் அழுத்தி நிற்கும், சூடான கோப்பையைப் பிடிப்பது போல. சரி, பிழை சொல்லாதீர்கள். அகராதியை எடுக்காதீர்கள், குறைந்தது அன்றைக்கு.

பழைய சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் இப்போது என்ன எழுதுகிறார்கள்?

கொழுந்து எடுக்க மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும், ஒப்பந்த வேலையைச் சொல்லும் கொந்தரப்பும் குறைந்துவிட்டன. அதற்காக நான் ஒப்பாரி வைப்பதில்லை. கடந்த தடவை ஒரு பிள்ளை ‘சிக்னல்’ என்று எழுதியிருந்தாள். இது என்ன, போனில் வருவதா என்றேன். அவளுடைய அண்ணன் கொழும்பில் கடையொன்றில் வேலை. லயத்துக்குள் போன் வேலை செய்யாது. பின்னால் இருக்கிற பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம் அம்மா ஏறி நின்றுகொண்டு போனைத் தூக்கிப் பிடிப்பாராம்.

“சத்தம் எப்படி இருக்கு, அதச் சொல்லு” என்றேன். யோசித்தாள். “‘சிக்’குனு கொண்டி மாட்டுது சேர். ‘னல்’லுனு தெறக்குது.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “அம்மா ‘சிங்னலு’ன்னு சொல்லும். அது இன்னும் நல்லா இருக்கும்” என்றாள்.

கொப்பியில் ‘சிக்னல்’ என்பதை வெட்டிவிட்டு, அம்மா சொல்வது போலவே எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.